பக்கத்தில் படுத்திருப்பது யார்?

மொன்றியல் டவுன்டவுனில் பெரும் பனி கொட்டி ஓய்ந்த இரவுகளில் ஒரு சைரன் கேட்கும். அது ஆம்புலன்ஸ் இல்லை, தீயணைப்பு வண்டியும் இல்லை. பனி அள்ள வரும் வண்டிகளுக்கு முன்னால், ஆரஞ்சுப் பலகையைக் கவனியாமல் கார் நிறுத்தியவர்களை எழுப்புவதற்காக, இழுவை வண்டியொன்று இரண்டு சுரத்தில் ஊளையிட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போகும். பின்னால் பனியை உறிஞ்சிக் கக்கும் எந்திரம் வரும், அதற்கும் பின்னால் வரிசையாக லொறிகள் வரும். கிரெசன்ட் தெருவில் மதுக்கடைகள் மூடிச் சனம் கலைய அதிகாலை மூன்று மணி தாண்டிவிடும். பிளாஸ் வில் மரி கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒளிக்கற்றைகள் வானத்தைச் சுற்றி வரும். இத்தனைக்கும் நடுவே இங்கே பல்லாயிரம் பேர் படுத்துத் தூங்குகிறார்கள், கனவும் காண்கிறார்கள்.

ஜூலை முதல் தேதி கியூபெக்கில் பெருந்தொகையானோர் வீடு மாறும் நாள். அதற்குப் பிந்திய வாரங்களில் “புது வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே கெட்ட கனவு” என்று சொல்வோர் எங்கள் தமிழ் ஆட்களிலும் உண்டு. ஒருவர் வடக்கே தலை வைத்ததால் என்பார், இன்னொருவர் ராத்திரி தயிர் சாப்பிட்டதால் என்பார், மூன்றாமவர் வாசல் சரியில்லை என்பார். படுக்கிற இடமும் படுக்கிற விதமும் கனவை மாற்றுமா என்ற கேள்விக்கு எழுபது ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: அறையும் படுக்கையும் சாப்பாடும் கனவின் கதைக்குள் போவது குறைவு. அவை மாற்றுவது நாம் விழிக்கும் விதத்தை. விழிப்பு மாறினால் நினைவில் தங்கும் கனவும் மாறுகிறது. கனவின் கதைக்குள் உண்மையிலேயே வலுவாக நுழைவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் யார் இல்லை என்பதும்.

இதை அலசுவதற்கு இந்த ஊர் மிகவும் பொருத்தம். நகரின் வடக்கே சாக்ரே-கேர் மருத்துவமனையில் டோரே நீல்சன் 1991இல் கனவுக்கும் கொடுங்கனவுக்கும் என்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் அன்டோனியோ சாட்ரா பல ஆண்டுகளாகக் கனவுக் குறிப்புகளைச் சேர்த்துத் தரம் பிரித்துவருகிறார். ஆனால் கதை டவுன்டவுனில், மக்கில் பல்கலைக்கழகத்தில், அதற்கும் நாற்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது.

1951இல் உளவியலாளர் டொனால்ட் ஹெப் கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சபையின் பணத்தில் ஒரு சோதனை தொடங்கினார். வேலை சுகமானதுதான். சிறிய அறையில் மெத்தையில் படுத்திருக்க வேண்டும், நாளுக்கு 20 டொலர் கூலி. அக்காலத்து மாணவனுக்கு அது கொழுத்த சம்பளம். கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் எதுவும் தெரியாத கண்ணாடி. கைக்குப் பஞ்சு உறை, அதற்கு மேல் முழங்கை முதல் விரல் நுனிவரை அட்டைக் குழாய். தலையைச் சுற்றி நுரைத் தலையணை. காதில் குளிரூட்டியின் ஒரே மாதிரியான இரைச்சல். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழும்பலாம். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. முதலில் தூங்கினார்கள். தூங்கி முடிந்த பிறகு, விழித்திருக்கும்போதே கண் முன்னால் காட்சிகள் ஓடத் தொடங்கின. முதலில் புள்ளிகளும் கோடுகளும், பிறகு முழுக் காட்சிகள். ஒரு மாணவன், தோளில் மூட்டை சுமந்த அணில்கள் வெண்பனி வயலில் வரிசையாகக் கருமமே கண்ணாக நடந்து போவதைக் கண்டான். 1954இலும் 1957இலும் இவை வெளியானபோது உலகம் முழுக்கப் பேச்சானது. சுற்றுப்புறம் ஒன்றும் தராவிட்டால் மூளை தானே படம் காட்டத் தொடங்கிவிடும் என்பது அங்கே தெரிந்தது. கனவுக்கு வெளியிலிருந்து சரக்கு தேவையில்லை.

அதே மக்கிலைச் சேர்ந்த, மலைச்சரிவில் உள்ள அலன் மெமோரியல் மாளிகையில் மனநல மருத்துவர் யூவன் கமரன் நடத்திய ‘உறக்க அறை’யையும் சொல்லாமல் விடக்கூடாது. நோயாளிகளை மருந்தால் வாரக்கணக்கில் தூங்கவைத்து, ஒரே வாசகத்தை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார். அமெரிக்க உளவு நிறுவனத்தின் பணமும் அதற்குள் வந்தது. 1992இல் கனடா அரசு அங்கே பாதிக்கப்பட்ட 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டொலர் கொடுத்தது. தூங்குகிறவனின் தலைக்குள் வெளியிலிருந்து எதையும் புகுத்திவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு இதுவே சாட்சி. அதை ஆய்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, வெளியில் இருக்கும் ஒன்று கனவுக்குள் எவ்வளவு போகிறது? 1958இல் சிகாகோவில் வில்லியம் டெமென்ட்டும் எட்வர்ட் வோல்பர்ட்டும் இதை நேராகவே சோதித்தார்கள். மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டத்தை, ரெம் உறக்கத்தை, அதற்கு ஐந்து ஆண்டு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் கிடப்பவர்மேல் குளிர்ந்த நீரைத் தெளித்தார்கள், அல்லது விளக்கு அடித்தார்கள், அல்லது ஒரு மணியொலி கொடுத்தார்கள். சற்றுப் பொறுத்து எழுப்பிக் கேட்டார்கள். நீர் 42 விழுக்காடு கனவுகளில் ஏதோ வடிவில் நுழைந்திருந்தது, வெளிச்சம் 23, ஒலி வெறும் 9. முதுகில் நீர் தெளிக்கப்பட்ட ஒருவர், தான் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்ததாகவும், கதாநாயகி திடீரென்று விழுந்ததாகவும், அவள்மேல் தண்ணீர் சொட்டியதாகவும், பார்த்தால் கூரை ஒழுகியதாகவும் சொன்னார். கூரை ஒழுகியது தெளித்த நீரால்தான். ஆனால் அந்த நாடகமும் மேடையும் கதாநாயகியும் எங்கிருந்து வந்தன? வெளியில் இருந்து வந்தது ஒரு சொட்டு, மற்றதெல்லாம் கனவு காண்பவருடைய சொந்தச் சரக்கு.

ஒலி 9 விழுக்காடுதான் என்பதைக் கவனியுங்கள். பனிவண்டியின் சைரன் கனவில் பேயாக வரும் என்று பயப்படுவதைவிட, அது உங்களை எழுப்பிவிடும் என்று பயப்படுவதே நியாயம். தோலில் படுவது ஒலியைவிட எளிதாக உள்ளே போகிறது. மொன்றியலில் நீல்சனும் கூட்டாளிகளும் இதை வேறு வகையில் காட்டினார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் காற்றுப்பட்டையைக் காலில் கட்டி, ரெம் உறக்கத்தில் அதை ஊதி இறுக்கினார்கள். கால் சம்பந்தப்பட்ட உணர்வுகள் கனவில் கூடின. போர்வைக்குள் கால் சிக்கிக்கொண்டால் கனவில் ஓட முடியாமல் போவது வெறும் கற்பனை அல்ல.

வாசனை இன்னும் விசித்திரமானது. 2009இல் ஜெர்மனியின் மன்ஹைமில் 15 பெண்களுக்கு ரெம் உறக்கத்தில் ரோஜா மணமும் அழுகிய முட்டை நாற்றமும் மூக்கில் செலுத்தினார்கள். ரோஜாவோ முட்டையோ கனவில் வரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் கனவின் மனநிலை மாறியது. மணத்தில் இனிமை கூடியது, நாற்றத்தில் கசப்புக் கூடியது. பதினைந்து பேர் சிறிய தொகைதான். ஆனாலும் படுக்கையறை ஊதுபத்திக்கு ஆதரவாக இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

படுக்கும் விதத்துக்கு வருவோம். இங்கே ஒரு விடயம் மட்டும் உறுதியாக நிற்கிறது. நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், அறையின் மூலையில் யாரோ நிற்கிறார்கள். எங்கள் ஊர்களில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனடாவின் கிழக்கோரத்து நியூஃபவுண்ட்லாந்தில் இதையே கிழவி வந்து அமர்வதாகச் சொல்வார்கள். டேவிட் ஹஃபர்ட் 1982இல் எழுதிய நூல் அந்தத் தீவுச் சனத்தின் இந்த அனுபவத்தை வைத்துத்தான் தொடங்குகிறது. ரெம் உறக்கத்தில் உடல் அசையாமல் கட்டப்பட்டிருக்கும். மனம் முன்னால் விழித்து, உடல் பின்னால் தங்கிவிட்டால் வருவது இது. ஒன்டாரியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அலன் செய்ன் நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டுச் சேர்த்த விவரங்களில், மல்லாந்து படுத்திருந்தபோதுதான் இது பெரும்பாலும் வந்திருந்தது. ராத்திரி வேலை செய்து பகலில் தூங்குவோருக்கும், நேரம் தவறித் தூங்குவோருக்கும் இது அடிக்கடி வரும். உணவகச் சமையலறையிலும் பொதி கட்டும் தொழிற்சாலையிலும் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் எங்கள் பிள்ளைகள் இதை வெளியில் சொல்லாமல் நூல் கட்டிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். நூல் கட்டுவதில் தவறில்லை, கூடவே ஒருக்களித்தும் படுக்கலாம்.

மற்ற நிலைகளைப் பற்றிய சான்றுகள் மெலிவானவை. குப்புறப் படுப்பவர்களுக்கு மூச்சு முட்டும் கனவும் காமக் கனவும் கூடுதலாக வருவதாக ஹாங்காங்கில் 670 மாணவர்களை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. இடப்பக்கம் படுப்பவர்களுக்குக் கொடுங்கனவு அதிகம் என்று துருக்கியில் 63 பேரை வைத்து 2004இல் ஒன்று வந்தது. இரண்டுமே ‘நான் இப்படித்தான் படுப்பேன்’ என்று ஆட்கள் தாமே சொன்னதை நம்பியவை. இரவில் எத்தனை தடவை புரள்கிறோம் என்று தூங்குகிறவருக்குத் தெரியாது. வடக்கே தலை வைப்பதைப் பற்றி எந்தப் பக்கமும் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் நீல்சன் இரண்டு முறை இறங்கினார். 2015இல் எட்மன்டனின் ரஸல் பவலுடன் சேர்ந்து 396 மாணவர்களிடம் கேட்டபோது, 17.8 விழுக்காட்டினர் தாங்கள் தின்றது கனவைக் கெடுப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவை பால் பொருட்கள். 2025இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து மறுபடியும் கேட்டபோது, சாப்பாடு தூக்கத்தை மாற்றுவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு, கனவை மாற்றுவதாகச் சொன்னவர்கள் ஐந்து சொச்சம்தான். பால் செரிக்காத உடம்புக்காரர்களிடம் கொடுங்கனவு கடுமையாக இருந்தது. வயிறு உப்பி வலிக்கிறது, தூக்கம் கலைகிறது, கலைந்த தூக்கத்தில் கண்டது நினைவில் நிற்கிறது. ராத்திரி தயிர், கீரை, இஞ்சி, நெல்லி கூடாது என்ற ஆச்சிமாரின் பட்டியலில் தயிருக்கு மட்டுமாவது இப்போது அரைச் சாட்சி இருக்கிறது. செரிக்கிற வயிறு உள்ளவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

குளிர்நாட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஹீற்றர். டிசம்பரில் இங்கே மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும். சுவரோரம் நீண்டு கிடக்கும் மின்சூடாக்கி இரவு முழுக்கக் காற்றை உலர்த்தும். ஊர்ச் சூட்டை நினைத்து அதை 25 பாகைக்குத் திருகிவைத்துக் கனத்த போர்வைக்குள்ளும் புகுந்துகொள்கிறவர்கள் நம்மவர்கள். ரெம் உறக்கத்தில் உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. வியர்ப்பதும் நடுங்குவதும் அடங்கிவிடும். ஆகவே அறை மிகச் சூடானாலும் மிகக் குளிர்ந்தாலும் முதலில் அடிபடுவது இந்தக் கட்டம்தான். அது துண்டு துண்டாகிறது, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு விழிப்பு.

விழிப்புக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நினைவில் நிற்கும் கனவு எல்லாம் விழிப்பின் ஓரத்தில் அகப்பட்டதுதான். இரவு சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றில் ரெம் பத்து நிமிடம் இருந்தாலே பெரிது. விடியும் பக்கம் அது அரை மணிக்கும் மேலே நீளும். ரெம்மில் எழுப்பினால் ஐந்தில் நான்கு முறை கனவு சொல்வார்கள், மற்றக் கட்டங்களில் எழுப்பினால் பத்தில் நாலு முறை. இது நீல்சன் 2000இல் பழைய ஆய்வுகள் பலவற்றைக் கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நாம் சொல்வதன் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. விடியற்காலைக் கனவு நீளம், தெளிவு, எழுந்ததும் கையில் இருக்கும். முதல் சாமத்துக் கனவு பலித்ததா இல்லையா என்று சரிபார்க்க அது யாருக்கு நினைவிருக்கிறது?

பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபியின் குழு அடிக்கடி கனவு சொல்பவர்களையும் எப்போதாவது சொல்பவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது. முதல் வகையினர் இரவில் இடையிடையே மொத்தம் அரை மணி நேரம் விழித்திருந்தார்கள், இரண்டாம் வகையினர் அதில் பாதி. தூக்கத்தில் தங்கள் பெயர் சொல்லப்பட்டபோதும் முதல் வகையினரின் மூளை கூடுதலாக எதிர்வினை காட்டியது. அதாவது நிறையக் கனவு காண்கிறேன் என்பவர் பெரும்பாலும் லேசாகத் தூங்குகிறவர். புது வீட்டில், புதுக் கட்டிலில், சைரன் போகும் தெருவில் யாருமே லேசாகத்தான் தூங்குவார்கள். ‘இந்த வீட்டில் கனவு அதிகம்’ என்பதைவிட, இந்த வீட்டில் கனவு அதிகமாகப் பிடிபடுகிறது என்பதே சரி.

மதுவும் கஞ்சாவும் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகின்றன. மது முன்னிரவில் ரெம்மை அமுக்கும். போதை இறங்கியதும் பின்னிரவில் அது வட்டியோடு திரும்பும், விழிப்பும் கூடவே வரும். 2018 அக்டோபரில் கனடாவில் சட்டப்படி விற்பனைக்கு வந்த கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவர் திடீரென்று விட்டால், முதல் வாரங்களில் மிகத் தெளிவான, பல நேரம் பயங்கரமான கனவுகள் வரும். இது தெரியாமல், விட்டதால்தான் பேய் பிடித்தது என்று மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு.

இன்னொரு பழக்கம், நான் அலாரத்தைவிடக் கெட்டது என்று நினைப்பது: கண் திறந்த நொடியில் கைபேசியைத் தேடுவது. கனவின் நினைவு நிமிடங்களில் கலைந்துவிடும். அசையாமல் படுத்தபடியே அதைப் பின்னோக்கித் தேடுவதும், உடனே யாருக்காவது சொல்வதும், எழுதிவைப்பதும் மட்டுமே அதைக் காப்பாற்றும். கனவுக் குறிப்பேடு வைத்தால், எனக்குக் கனவே வருவதில்லை என்பவர்களுக்குக்கூடச் சில நாட்களில் பிடிபடத் தொடங்குகிறது. கனவில் அக்கறை உள்ளவர்களுக்குக் கனவு கூடுதலாக நினைவிருக்கிறது என்பது இத்துறையில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. காலையில் தேத்தண்ணியோடு “என்ன கனா கண்டனி?” என்று கேட்க ஒரு அப்பாச்சி இருந்த வீடுகளில் கனவு கூடுதலாக இருந்ததற்கு அப்பாச்சியே காரணம். டவுன்டவுனில் ‘ஒன்றரை’ என்று சொல்லப்படும் ஒற்றையறை வீட்டில் (குளியலறையை அரையாகக் கணக்கிடுவது இவ்வூர் வழக்கம்) தனியே இருக்கும் மாணவனைக் காலையில் எவரும் கேட்பதில்லை.

இப்போது கனவின் கதைக்கு வருவோம். நீல்சனும் சாட்ராவும் கூட்டாளிகளும் 2003இல் கனடாவின் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் பட்டியலிட்டுக் கேட்டபோது, 81.5 விழுக்காட்டினர் தாம் துரத்தப்படும் கனவு கண்டதுண்டு என்றார்கள். துரத்துகிறவர், தவறவிடும் பேருந்து, எழுதாத பரீட்சை: கனவு ஆட்களும் அலுவல்களும் நிறைந்த இடம், தளபாடங்களின் இடம் அல்ல. ஆய்வுக்கூடத்தில் தூங்கியவர்களின் கனவுகளை மொன்றியல் குழு 2021இல் அலசியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஆய்வுக்கூடம் வந்திருந்தது. எப்படி வந்தது என்பதுதான் சுவை. மின்கம்பிகள் ஒட்டிய தலை கொஞ்சம் வந்தது. அதோடு தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதும், சரியாகத் தூங்கிக் காட்ட வேண்டுமே என்ற பதற்றமும், ஆய்வுக்கூடத்துக்கு வழி தெரியாமல் அலைவதும், வீட்டு ஆட்கள் திடீரென்று அங்கே வந்து நிற்பதும் வந்தன. அறை உள்ளே வந்தது ஆட்களோடு சேர்ந்துதான்.

இதை உச்சத்தில் காட்டுவது நீல்சனும் டைனா பாக்கெட்டும் 2007இல் வெளியிட்ட, 273 பெண்கள் பங்கெடுத்த ஆய்வு. பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குப் பிள்ளைக்கு ஆபத்து வரும் கனவு வந்தது. பிள்ளை போர்வைக்குள் அமிழ்ந்துவிட்டது, மெத்தையிலிருந்து விழுந்துவிட்டது. கனவோடு கையும் எழும்பும். படுக்கையைத் துழாவுவார்கள், தலையணையைப் புரட்டுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் பேசுவார்கள். எழுந்து பார்த்தால் பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் தூங்கும். துண்டுபட்ட தூக்கமும் பிள்ளையின்மேல் உள்ள காவலும் சேர்ந்து செய்யும் வேலை இது. கூடத்தில் பாய் விரித்து ஆச்சி, அம்மா, பிள்ளை என்று வரிசையாகப் படுத்த வழக்கத்திலிருந்து, குளிர்கால இரவில் கணவனும் வேலைக்குப் போன பிறகு தனியே பிள்ளையோடு கிடக்கும் நிலைக்கு வந்த தாய்க்கு, பிள்ளைப்பேறு முடிந்த வாரங்களில் மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும். பல தாய்மார் தமக்கு ஏதோ கோளாறு என்று மறைக்கிறார்கள்.

அன்றைய நிகழ்ச்சி அன்றிரவே கனவில் வரும், பிறகு ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி தலைகாட்டும் என்பதை நீல்சனும் பவலும் 1989 முதல் காட்டி வந்தார்கள். ஆனால் அந்த அட்டவணைக்குக் கட்டுப்படாத கனவுகளும் உண்டு. 1983க்குப் பிறகு அலை அலையாகவும் 2009க்குப் பிறகும் இங்கே வந்த ஈழத்தமிழரில் பலருக்கு ஷெல் சத்தமும் இழந்த முகங்களும் பல ஆண்டு கழித்தும் கனவில் திரும்பி வருகின்றன. யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியான தன் நூலில், அங்குள்ள மக்களிடம் போர் விட்ட இத்தகைய வடுக்களைப் பதிவு செய்தார். இப்படிப்பட்டவருக்கு அமைதியான அறையையும் நல்ல மெத்தையையும் கொடுப்பது உதவிதான், மருந்து அல்ல. மருந்துக்கு அருகில் வருவது, கொடுங்கனவைப் பகலில் எடுத்து முடிவை மாற்றி எழுதி, மாற்றிய வடிவை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி. 2001இல் பேரி கிராக்கோவின் குழு பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்துப் பயன் கண்டது.

2022இல் ஜெனீவாவில் கொடுங்கனவு நோயுள்ள 36 பேரும் இந்தப் பயிற்சியைச் செய்தார்கள். பாதிப் பேர் மட்டும் மாற்றிய முடிவை நினைக்கும்போது ஒரு பியானோ சுரக்கூட்டைக் கேட்டபடி நினைத்தார்கள். பிறகு இரண்டு வாரம் எல்லோருமே தலைப்பட்டை அணிந்து வீட்டில் தூங்கினார்கள், ரெம் உறக்கத்தில் எல்லோருக்கும் அதே சுரக்கூட்டு ஒலித்தது. இரு அணிக்கும் கொடுங்கனவு குறைந்தது. சுரக்கூட்டைத் தன் புது முடிவோடு சேர்த்துப் பழகிய அணிக்குக் கூடுதலாகக் குறைந்தது, கனவில் மகிழ்ச்சியும் கூடியது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு நீடித்தது. காதுக்குள் போன சத்தம் இரு அணிக்கும் ஒன்றேதான்.